சாய்ந்த முத்திரை

தீவின் சிறிய மருத்துவமனையில் சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் கருவிகள் பழசாகிவிட்டன. புதியவை வாங்கலாமா என்று கணக்குப் போட்டுச் சொல்லும் வேலை ஹாமாசாகியுடையது. வரப்போகும் வருடங்களின் வருமானத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்து, அதிலிருந்து கருவிகளின் விலையைக் கழித்துப் பார்த்தார்.

"ஏழு வருஷம் ஓடினா லாபம். அஞ்சுன்னா நஷ்டம்."

"கருவி பத்து வருஷம் உழைக்குமே!" என்றாள் தலைமைச் செவிலி தோகுநாகா, தேநீரை அவர் முன் வைத்தபடி.

"கருவி உழைக்கும். நோயாளிங்க இருக்கணுமே. இருக்கறது நாலு பேரு. அஞ்சு வருஷத்துக்கு மேல யாரும் தாங்க மாட்டாங்கன்னு டாக்டர் எழுதிட்டாரு."

"எமன்கிட்ட கேட்டுட்டு வந்தாராமா? ஏழுன்னு போடுங்க."

"அவர் தாளும் இதோடதானே இயக்குநர்கிட்ட போகுது?"

"அப்போ ரத்தம் சுத்தம் பண்ண வாரத்துக்கு மூணு தடவை கப்பல் ஏறி அக்கரைக்குப் போகணுமா? குளிர்காலத்துல கப்பலே வராதே!"

ஹாமாசாகி தேநீரில் உதட்டை மட்டும் நனைத்துவிட்டுக் கோப்பையை நகர்த்தி வைத்தார். ஐந்து என்று எழுதினார். பிறகு அலுவலக வழக்கப்படி, இடப்பக்கம் இயக்குநர் முத்திரை குத்தவேண்டிய கட்டத்தை நோக்கித் தலை வணங்குவது போல, தன் பெயர் முத்திரையைச் சற்றே இடப்பக்கம் சாய்த்துக் குத்தினார்.

தோகுநாகா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மணி ஒண்ணாச்சு, ஹாமாசாகி சான். எடை பார்த்துட்டு வாங்க. ஊசி எடுத்து வச்சாச்சு."

அவர் எடை பார்த்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டே, பழைய கருவியருகே காலியாக இருந்த நான்காவது படுக்கையை நோக்கி நடந்தார்.