நாற்பது மைல் வந்த குரவை

நித்தியானந்தன் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

மலாவியிலிருந்து அழைப்பு, மூன்று நிமிடம் மட்டும் என்றாள் இணைப்பகப் பெண்.

குசினி அடுப்பை அணைத்தான். மகள்கள் இருவரும் ஓடிவந்து ரிசீவரில் காதை ஒட்டினார்கள்.

மனைவி வைதேகி மெல்பேர்ணை விட்டுப் போய் ஏழு மாதம். நிலத்தடி நீர் எஞ்சினியர் அவள். மூன்று மாத வேலை என்றுதான் போனாள். ஆற்றுத் தண்ணீரைக் குடித்துக் குழந்தைகள் வயிற்றோட்டத்தில் செத்துக்கொண்டிருந்த கிராமம் அது. போட்ட மூன்று குழாய்க் கிணறுகளிலும் புழுதிதான் வந்தது. நாலாவதும் பொய்த்தால் திரும்பி வந்துவிடு என்று அனுப்பியவர்கள் எழுதிவிட்டார்கள்.

1976இல் மெல்பேர்ணில் அவனுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் ஐந்தோ ஆறோ. போகிற வீட்டிலெல்லாம் ஒரே கேள்வி. மனுசியை ஆபிரிக்காவுக்கு அனுப்பிப்போட்டு நீர் குசினிக்குள்ளேயோ?

சிரித்துச் சமாளிப்பான். பிறகு போவதையே குறைத்துக்கொண்டான்.

முதலில் இரைச்சல். அப்புறம் அவள் குரல்.

“இஞ்சாருங்கோ, தண்ணி வந்திட்டுது! நூற்றி இருபது அடியில. நல்ல தெளிஞ்ச தண்ணி!”

பிள்ளைகள் குதித்தார்கள்.

திடீரென்று ரிசீவருக்குள் பெரும் கூச்சல். சின்னவள் பயந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

மட்டக்களப்பில் பிறந்தவனுக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது. கல்யாணத்திலும் கோயிலிலும் பெண்கள் நாக்கைச் சுழற்றி எழுப்பும் ஒலி. குரவை!

கிராமத்துப் பெண்கள் இருபது பேர் அவளுடைய லொறியில் ஏறி, தொலைபேசி இருக்கிற பட்டணத்துத் தபாற் கந்தோருக்கு நாற்பது மைல் வந்துவிட்டார்களாம்.

தண்ணீர் வந்த சந்தோசமோ என்று கேட்டான்.

“தண்ணிக்கு நேற்றே ஆடி முடிச்சிட்டினம். இது உங்களுக்கு.”

அவனுக்கு விளங்கவில்லை.

ஏழு மாதமும் அவர்கள் அவளிடம் கேட்டது ஒன்றுதானாம்: உன் பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள்? அவள் சொன்னாள். அப்படியானால் அந்த மனிதனுக்கு எங்கள் சத்தம் கேட்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார்கள்.

நேரம் முடியப்போகிறது என்றாள் இணைப்பகப் பெண்.

மட்டக்களப்பில் ஆண்கள் குரவை போடுவதில்லை.

நித்தியானந்தன் ரிசீவரை வாயருகே பிடித்து, மூச்சை இழுத்து, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்க்கும்வரை போட்டான்.