முதலில் சொன்னவர் பெயர்

நிரலில் இரண்டு வரிகளை இடம் மாற்றிப் போட்டதும் பிழை போய்விட்டது.

கோகிலவாணி நம்பவில்லை. மறுபடி ஓட்டிப் பார்த்தாள். மூன்றாம் முறையும் ஓட்டினாள். சரியாகத்தான் வந்தது.

பதினான்கு நாளாக ஆளைத் தின்ற பிழை. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லாமல் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். சேலத்து மத்தியான வெயில் ஜன்னல் திரையைத் தாண்டி மேசைவரை வந்திருந்தது. தட்டில் போட்ட தயிர்சாதம் வறண்டு வெடித்துக் கிடந்தது.

அவள் பராமரிக்கும் கருவி சின்னதுதான். கணினிக்குள் எல்லா வேலைக்கும் அடியில் கெர்னல் என்று ஒன்று ஓடுகிறது. அங்கே எது தாமதமாகிறது, யாரால் தாமதமாகிறது என்று பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்வதுதான் கருவியின் பிழைப்பு. ஊர் உலகமெல்லாம் அதன் சொல்லை நம்பியது.

அந்தச் சொல்லில்தான் கோளாறு.

எடைமேடையில் ஏறிய லாரி ஒன்று இறங்காமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னால் இன்னொன்று காத்து நிற்கிறது. யாரால் தாமதம் என்று அப்போதே பார்த்திருக்க வேண்டும். கருவியோ, முன்னது இறங்கிப்போய் பின்னது மேடையேறிய பிறகு வந்து பார்த்தது. மேலே நின்றவனைப் பிடித்து, நீதான் என்றது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

திருத்தத்தை அனுப்புவதற்கு முன் ஒரு மரியாதை உண்டு. பிழையை முதலில் கண்டு சொன்னவரின் பெயரையும் மின்னஞ்சலையும் அடியில் எழுத வேண்டும். கூலி இல்லாத உழைப்புக்கு இந்தத் தொழிலில் போடும் மாலை அது. ஒருமுறை ஏறிவிட்டால் யாராலும் அழிக்க முடியாது.

இந்த முறை சொன்னது யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர். ஆனால் கருவிக்கான மடற்குழுவில் பழைய மடல்களைத் துழாவியபோது, பதினோரு மாதத்துக்கு முன்பே ஒருவர் இதையே எழுதியிருப்பது கிடைத்தது. பாலசுந்தரம், ராசிபுரம். தன் நிரல் காத்துத்தான் நிற்கிறது, கருவி தன்மேல் பழி போடுகிறது என்று படம் வரைந்து விளக்கியிருந்தார்.

அவருக்குக் கிடைத்த பதில் ஒரே வரி. கருவி சரியாகத்தான் இருக்கிறது, உங்கள் நிரலைப் பாருங்கள்.

கோகிலவாணி அந்த வரியை இரண்டாம் முறை படிக்கவில்லை.

பாலசுந்தரத்துக்கு மடல் போட்டாள். இந்த நிறுவனத்தில் அப்படி யாரும் இல்லை என்று போன வேகத்தில் திரும்பி வந்தது. பழைய மடலின் அடியில் கைப்பேசி எண் இருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழைத்தாள்.

குரலுக்கு முன்னால் கோழிகளின் இரைச்சல் வந்தது.

தன் பெயரைச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னாள். என்ன பிழை, எங்கே இருந்தது, எப்படிச் சரியானது.

"நானும் அங்கதான் இருக்கும்னு நெனச்சேனுங்க" என்றார் கடைசியில்.

"இப்ப எங்க வேலை பாக்கறீங்க?"

"நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையில சூப்பர்வைசருங்க மேடம். இருபதாயிரம் கோழி. ஒண்ணுகூட ஹேங் ஆவறதில்லீங்க."

அவரே சிரித்துக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"பழைய வேலை என்னாச்சுங்க?"

"புராஜெக்ட் லேட்டானதுக்கு எம்பட புரோகிராம்தான் காரணம்னாங்க. இல்லீங்கன்னேன். அந்த ஒரு வரிப் பதில பிரிண்ட் எடுத்து முன்னால வெச்சாங்க. அதுக்கு மேல என்னத்த பேசறதுங்க?"

கோழிகள் கத்திக்கொண்டே இருந்தன.

"உங்க பேரப் போடணும். அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

"இனி என்னத்துக்குங்க என்ர பேரு?" என்றவர், உடனே மாற்றிச் சொன்னார். "இல்லீங்க, போடுங்க. எங்கப்பாகிட்டக் காட்டோணும். பையன் தப்பா எழுதித்தான் வேலை போச்சுன்னு இன்னமும் ஊட்டுல எங்கிட்ட வாயத் தொறக்க மாட்டேங்கறாரு."

கேட்கக் கூடாது என்று நினைத்ததையே கேட்டாள்.

"அந்தப் பதில் எழுதினவங்க மேல கோபமில்லையா?"

"கோபமென்னங்க கோபம்? அத்தனாயிரம் பேரு இருக்கற அந்தக் குழுவுல அவங்க ஒருத்தருதானுங்க மதிச்சுப் பதில் போட்டாங்க. மத்தவங்க தொறந்துகூடப் பாக்கல."

மதித்துப் போட்ட பதில். அன்றைக்கு நாற்பது மடல்கள் குவிந்திருந்தன. அவர் வரைந்த படத்தை யாரும் திறக்கவில்லை. அந்த வரியை எழுத அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதெல்லாம் கோகிலவாணிக்குத் தெரியும். தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"பாலசுந்தரம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் பதில்…"

"வேண்டாங்க மேடம்." குரல் அதே பதமாகத்தான் இருந்தது. "போன் அடிக்கறப்பவே உங்க பேரு ஸ்க்ரீன்ல வந்துருச்சுங்க, அந்தப் பதிலுக்கு அடியில இருந்த அதே பேரு."

மேசைமேல் வெயில் அசையாமல் கிடந்தது.

"புது மெயில் ஐடி சொல்றனுங்க. எழுதிக்கறீங்களா?"

ஒவ்வோர் எழுத்தாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எதிரே கணினி திறந்துதான் இருந்தது. அவள் ஒரு பேனாவுக்காக மேசையெல்லாம் தடவிக்கொண்டிருந்தாள்.