சொல்லிக்காம போ

அந்தக் காய்ச்சல் ஊருக்குள் வந்ததிலிருந்து ஜெசிந்தா சுகாதாரத் துறைக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாகப் போய் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். யாரும் உண்மையைச் சொல்வதில்லை. எப்படிச் சொல்வார்கள்? மேலத் தெருவில் ஒருத்தி உண்மையைச் சொன்னாள்; அன்றைக்கே வண்டி வந்து அவள் மகனை ஏற்றிப் போனது. திரும்பி வந்தபோது அவனைத் தார்ப்பாயில் சுற்றியிருந்தார்கள். முகத்தைக்கூட அவிழ்த்துக் காட்டவில்லை.

தவமணி கதவைப் பாதி திறந்து, அந்தப் பாதியையும் உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றாள்.

"வீட்ல யாருக்காவது காய்ச்சல் இருக்காக்கா?"

"இல்லடி."

"அண்ணனுக்கு?"

"தூங்குறாரு."

ஜெசிந்தாவின் குரல் கேட்டாலே, "காய்ச்சக்காரி வந்துட்டாளா, மோரு குடுத்து அனுப்பு" என்று உள்ளேயிருந்து கத்துகிற மனிதர் தவமணியின் கணவர். இன்று மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும்தான் வந்தது. அதோடு கொஞ்சம் ஊதுபத்தி வாசனை. இந்த மத்தியான வேளையில் எதற்கு ஊதுபத்தி என்று கேட்க நினைத்தவள், கேட்காமல் கைப்பேசியில் 'இல்லை' என்பதன் மேல் விரலைக் கொண்டுபோனாள்.

"சரிக்கா, போயிட்டு வர்றேன்."

தவமணி எட்டி அவள் வாயைப் பொத்தினாள். அந்தக் கை ஈரமாக, சில்லென்று இருந்தது.

"சொல்லிக்காம போடி" என்றாள், தெருவுக்குக் கேட்காத குரலில். "உன் கால்ல விழறேன், சொல்லிக்காம போ."

ஜெசிந்தா ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினாள். தெருமுனை வரை திரும்பிப் பார்க்கவில்லை. கையிலிருந்த கைப்பேசி அணையாமல் கேட்டுக்கொண்டிருந்தது: இந்த வீட்டில் காய்ச்சல் உண்டா, இல்லையா?