வெள்ளைத் துணி

தர்மகுலம் அண்ணை வீட்டிலேயே ஈயத்தை உருக்கி, அச்சில் வார்த்து, மெழுகு பூசிய குண்டுகளோடுதான் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு வருவார். முன்பெல்லாம் அவர் சுட்ட ஐந்து குண்டுகளின் துளைகளும் ஒரு தேநீர்க் கோப்பையின் வாயளவுக்குள் அடங்கும். இன்றைக்கு இலக்குக் காகிதம் முழுக்கச் சிதறியிருந்தன.

"குழாய்க்குள்ள ஈயம் ஒட்டியிருக்கும், அதுதான் குறி தப்புது. ஒருக்காப் பாரும்" என்று ரைபிளை நீட்டினார். நீட்டிய கை நடுங்கியது.

வெள்ளைத் துணியைக் கோலில் சுற்றி உள்ளே விட்டேன். வெள்ளையாகவே வெளியே வந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த குண்டொன்றைக் கத்தியால் சீவி, சீவல்களைத் துணியில் அழுத்தித் தேய்த்தேன்.

"ஓம் அண்ணை, நிறைய ஈயம் ஒட்டியிருக்கு."

அவர் துணியை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். குழாயில் ஒட்டிய ஈயம் தகடாகத்தான் உரியும். துணியில் இருந்தது கத்தி சீவிய சுருள்.

"மெழுகு குறைச்சுப் பூசிட்டன். என்ர பிழைதான்" என்றார்.

துணியை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு, இத்தனை வருடத்தில் முதன்முறையாகக் கேட்டார்:

"தம்பி, இந்த ரைபிள் பெட்டியைக் கார்வரைக்கும் தூக்கிக்கொண்டு வாறீரோ?"