பதினான்காம் எண் வீட்டிலிருந்து வந்தவள்

டெக்சாஸ் தேவாலய வாசலில் அந்த மூதாட்டி வரவேற்புச் சொன்னதும், போலந்திலிருந்து வந்து பேருந்தை விட்டு இறங்கியவர்கள் அழுதார்கள்.

சைலீசியாவின் பழைய பேச்சு. நூற்றெழுபது வருடங்களுக்கு முன் போலந்துப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்கள் டெக்சாஸுக்குக் கொண்டுவந்தது. அவள் ஜெபம் சொல்வதும் கோழிகளை விரட்டுவதும் இன்னும் அதில்தான்.

"எங்க ஊர்லயே இப்படிப் பேசுறவங்க போய்ச் சேந்துட்டாங்க" என்றார் ஒருவர். அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்திருந்தார்.

ஒருத்தி மட்டும் தள்ளி நின்றாள். ஐம்பது வயதிருக்கும். தோளில் துணிப்பை. சுற்றிலும் பேசுவது பாதிதான் பிடிபடுகிற முகம்.

அதுதான் ஹலீனா என்று யாரோ காட்டினார்கள்.

போன வருடம் மூதாட்டி தன் முன்னோர்களின் ஊர்த் தேவாலயத்துக்கு எழுதியிருந்தாள். காவ்லிக் குடும்பம், பதினான்காம் எண் வீடு. அங்கே இப்போது யாராவது இருக்கிறார்களா?

நான் இருக்கிறேன். நேரில் வருகிறேன்.

ஹலீனாவின் பதில் அவ்வளவுதான்.

கப்பலேறியது தம்பி. வீட்டோடு நின்றுவிட்டது அண்ணன். அந்த அண்ணன் வழியில் ஒருத்தி வருகிறாள் என்று அவள் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

தேவாலயக் கூடத்தில் நூறு பேருக்கு மேல் காத்திருந்தார்கள். கோழி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. முதல் மேசையில் அவளுடைய பிள்ளைகள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள். நடுவில் ஒரு காலி நாற்காலி.

அவள் கட்டிக்கொள்ளப் போனாள்.

ஹலீனா ஒரு அடி பின்வாங்கினாள்.

"முதல்ல ஒண்ணு சொல்லணும். தனியா."

போலிஷ் மொழி. நிதானமாகப் பேசினால் அவளுக்குப் புரிந்தது.

கூடத்துக்குப் பின்னால் இருந்த சாமான் அறைக்கு அழைத்துப் போனாள். மாவு மூட்டைகள். ஹலீனா உட்காரவில்லை.

"நான் காவ்லிக் இல்லை."

கல்யாணமானால் பெயர் மாறத்தானே செய்யும். அவள் சிரித்தாள்.

"அதில்லை. எங்கப்பா கிழக்கேயிருந்து வந்தவர். நாப்பத்தஞ்சுல சண்டை முடிஞ்சதும் எல்லையை மாத்தினாங்க. அவங்க ஊர் சோவியத்துக்குப் போயிடுச்சு. மாடு ஏத்துற ரயில் பெட்டியில கொண்டுவந்து உங்க பழைய ஊர்ல இறக்கிவிட்டாங்க. அப்பாவுக்கு ஒன்பது வயசு. தாத்தா கையில ஒரு சீட்டு. அதுல பதினாலுன்னு எழுதியிருந்துச்சு."

சிரிப்பு அவள் முகத்திலேயே நின்றிருந்தது. எடுத்துவிட மறந்துபோனாள்.

"வீடு காலியா இருந்துச்சா?"

"இல்ல."

வெளியே யாரோ அக்கார்டியனைச் சுருதி பார்த்தார்கள்.

"ஒரு அம்மாவும் ரெண்டு பொண்ணுங்களும் இருந்தாங்க. ஏழு மாசம் ஒரே அடுப்புல ரெண்டு குடும்பமும் சமைச்சாங்களாம். சின்னப் பொண்ணு அப்பாவுக்குக் குளத்துப் பனிமேல சறுக்கக் கத்துக்குடுத்திருக்கா. ஒருநாள் காலையில ஆளுங்க வந்தாங்க. சண்டை முடியுறவரைக்கும் அந்த ஊர் ஜெர்மனியில இருந்துச்சு இல்லையா, நீங்க ஜெர்மன்காரங்க, கிளம்புங்கன்னாங்க. இருபது நிமிஷம் குடுத்தாங்க."

"எங்க கொண்டுபோனாங்க?"

"தெரியலை. அப்பா சாகற வரைக்கும் தேடினார்."

ஹலீனா பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்தாள். அலமாரியை நகர்த்தியபோது பின்னால் கிடந்ததாம்.

வாசல்படியில் மூன்று பேர்.

நடுவில் நின்ற தாய்க்கு மூதாட்டியின் கடைசி மகளுடைய முகம். அதே தாடை. வெயிலில் அதேபோல் இடுங்கிய இடது கண்.

அவள் மாவு மூட்டைமேல் உட்கார்ந்தாள்.



கப்பலேறியவர்கள்தான் பாவம் என்று அவள் குடும்பத்தில் எப்போதும் பேசுவார்கள். பாம்பு, பஞ்சம், காய்ச்சல். முதல் வருடத்திலேயே ஐந்து குழந்தைகளைப் புதைத்தார்கள். நின்றுவிட்டவர்களுக்கென்ன, சொந்த வீட்டில் இருந்தார்கள்.

சொந்த வீட்டில்.

"உங்க கடிதம் வந்ததும் வீட்டைத் திருப்பிக் கேக்கப் போறீங்கன்னு பயந்துட்டோம்" என்றாள் ஹலீனா. "பதில் போடாதேன்னு அம்மா சொன்னாங்க."

"அப்புறம் ஏம்மா வந்தே?"

"யார்கிட்டயாவது சொல்லணும். அவங்க யாரும் கிடைக்கலை. நீங்கதான் கிடைச்சீங்க."

கதவு திறந்தது. மூத்த மகன் எட்டிப் பார்த்தான்.

"எல்லாரும் காத்திருக்காங்கம்மா. சொந்தக்காரங்களை நீதான் அறிமுகப்படுத்தணும்."

ஹலீனா புகைப்படத்தை மூட்டைமேல் வைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பின்வாசல் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள்.

அவள் எழுந்தாள். ஒரு கையில் புகைப்படம். இன்னொரு கையில் ஹலீனாவின் மணிக்கட்டு.

கூடம் அமைதியானது. அவள் மைக்கின் முன்னால் போய் நின்றாள்.

"இவங்க பேரு ஹலீனா. நம்ம வீட்டிலேர்ந்து வந்திருக்காங்க."

கைதட்டினார்கள். பேரப்பிள்ளைகள் எழுந்தே நின்றுவிட்டார்கள். ஹலீனா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஓயும்வரை அவள் காத்திருந்தாள். மணிக்கட்டை விடவில்லை.

"சூப்பைக் கொஞ்ச நேரம் மூடி வைங்க. முதல்ல ஒண்ணு சொல்லணும்" என்றாள்.