சேவலின் ஒருசந்தி

"எங்க வீட்டுச் சேவல் பெரிய வெள்ளிக்கு ஒருசந்தி இருக்கும். ஈஸ்டர் மணி அடிச்சாத்தான் தீனியைத் தொடும்" என்றார் ஜெசிந்தா டீச்சர், வருங்கால மருமகனின் தட்டில் இன்னொரு இட்லியை வைத்தபடி.

சகாயநாதனுக்குப் புரையேறியது.

மைசூர் லஷ்கர் மொகல்லாவில் அந்த வீட்டுப் பெருமைகள் பிரசித்தம். டீச்சரின் கணவர் பெர்னார்ட் அரண்மனை பேண்டில் கிளாரினெட் ஊதினால் தசரா யானைகள் கண்ணீர் விடுமாம். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், யானையைக் கூப்பிட்டு விசாரிக்க முடியாது. சேவல் அப்படியா? கொல்லையில்தான் நிற்கிறது.

அவனோ கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். அவன் செருப்புச் சத்தம் கேட்டாலே தவளைகள் தாமாக மல்லாந்து வயிற்றைக் காட்டும். அவன் மீசையின் இரண்டு முனையிலும் முனைக்கொன்றாகக் குடை மாட்டலாம்.

"சேவல் ஏமாத்தும், அத்தை. ஈரல் ஏமாத்தாது" என்றான்.

பிறகு அந்த வீட்டுக்கு அறிவு புகட்டினான். உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லும் ஒரு பந்தல். உள்ளே மெல்லிய இழைகளால் ஒரு சட்டம். தின்றதில் மிஞ்சியது மாவுச்சத்தாகி, அந்தப் பந்தலுக்குள் குருணை குருணையாகச் சேர்ந்திருக்கும். ஈரலைச் சீவி, ஒரு சொட்டு அயோடின் விட்டால் குருணை செம்பழுப்பாகிக் காட்டிக்கொடுக்கும். பட்டினி கிடந்தால் பந்தல் காலி.

"அந்த இழைச் சட்டத்தை நீங்க பாத்திருக்கீங்களா மாப்பிள்ளை?"

"அது மைக்ராஸ்கோப்புக்கும் தெரியாது. ஆனா இருக்குன்னு பெரிய பெரிய ஆளுங்க எழுதியிருக்காங்க."

"ஓ! யாருமே பாக்காத பந்தலை நான் நம்பணும். நான் பாத்த சேவலை நீங்க நம்ப மாட்டீங்க."

கதவுக்குப் பின்னாலிருந்து ரோசலின் சிரித்துவிட்டாள். கட்டிக்கொள்ளப் போகிறவள் சிரித்த சிரிப்பு. அதுதான் அவனைக் கிளப்பிவிட்டது.

பந்தயம் உறுதியானது. ஈரலில் குருணை இருந்தால், டீச்சர் ஈஸ்டர் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று, தன்னிடம் படிக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் கேட்க, 'நான் சொன்னது பொய்' என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் மீசை போகும்.

"சும்னிரு, ஜெசி" என்று கன்னடத்தில் அடக்கப் பார்த்தார் பெர்னார்ட். அவர் பேச்சை அந்த வீட்டில் கிளாரினெட்கூடக் கேட்டதில்லை.

ஈஸ்டர் காலை, பூசை மணிக்கு முன்னால், கல்லூரி மைக்ராஸ்கோப் கம்பளி சுற்றி ஜட்காவில் வந்து இறங்கியது. மைசூர் சமஸ்தானமே மதில்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. நாவிதர் சித்தையனை யாரும் கூப்பிடவில்லை. அவரே வந்து, கொல்லை ஓரத்தில் பெட்டியைத் திறந்துவைத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

சேவல் எப்படியும் அன்று குழம்புதான். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்து வீட்டுக் கோழியும் அறுபட்டது.

சகாயநாதன் கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்தான். நகக்கண்ணில் ஏதோ நறநறத்தது. ஊதிவிட்டுக் குனிந்தான்.

முதலில் பக்கத்து வீட்டுக் கோழி. அடடா, சந்தை நாளில் குண்டலுபேட்டை மண்டி! பந்தலுக்குள் மூட்டை மூட்டையாகச் செம்பழுப்புக் குருணை.

அடுத்து சேவல்.

பார்த்தான். திருகைத் திருகினான். கண்ணாடியைத் துடைத்தான். ஈரலில் புதிதாக ஒரு சீவல் எடுத்தான். இன்னொரு சொட்டு அயோடின் விட்டான்.

வெறும் மஞ்சள். மருந்துக்கும் ஒரு குருணை இல்லை.

சித்தையன் எழுந்து துண்டை உதறினார்.

அப்போதுதான் மதில்மேலிருந்து ஒரு குரல்: "தீனி போடாம அடைச்சு வச்சா எந்தச் சேவலும் சன்னியாசிதாங்கோ!"

மதிலே குலுங்கிச் சிரித்தது.

டீச்சர் வாயைத் திறந்தார். அந்த வாய் வந்த வேலையைச் செய்யாமல் மூடிக்கொண்டது அதுதான் முதல் தடவை. தீனி வைத்ததற்குச் சாட்சி யார்? வெள்ளியும் சனியும் வீடே கோயிலில் கிடந்தது. பொய்க்காரி என்ற பெயரோடு போயிருந்தால்கூடத் தேவலை. ஜம்பத்துக்காக வாயில்லாப் பிராணியைப் பட்டினி போட்டவள் என்று ஆகிவிட்டது. இனி யார் பிள்ளையை அனுப்புவார்கள் அவர் வகுப்புக்கு?

எல்லார் கண்ணும் சகாயநாதன்மேல். அவன் சும்மா தலையை ஆட்டினால் போதும். மீசை அவனுக்கு, அவமானம் அவருக்கு.

டீச்சர் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

அவன் கோட்டுப் பைக்குள் கையை விட்டு, பையை அப்படியே வெளிப்பக்கம் இழுத்தான். ராகி பொலபொலவென்று தரையில் கொட்டியது. கொல்லையில் மிச்சமிருந்த கோழிகள் எல்லாம் விழுந்தடித்து ஓடிவந்து பொறுக்கின. அவற்றுக்கு விரதமும் இல்லை, வெட்கமும் இல்லை.

மதில்மேலிருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

அவன் நேராகப் போய்ச் சித்தையன் முன்னால் உட்கார்ந்து முகவாயைத் தூக்கினான். கத்தி முதல் முனையில் பட்டபோதுதான் பேசினான்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் நீங்கள்லாம் சிலுவைப்பாதைக்குப் போனப்ப, மதில் ஏறிக் குதிச்சேன், அத்தை. குருணை இருக்கட்டும்னுதான். உள்ளங்கையில ராகியை வச்சு அலகுகிட்டயே நீட்டினேன். சனிக்கிழமையும் வந்து நீட்டினேன்."

கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது.

"ரெண்டு தடவையும் மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு."