கடைமடைத் தண்ணீர்

"எங்க பயிரு காஞ்சு கெடக்குது. இங்க படகு உட்டு வெளையாடறீங்களா?"

ஆறுமுகசாமி போட்ட சத்தத்தில், அன்னப்பறவைப் படகில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு போன குடும்பம் மிதிப்பதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தது.

டவுன் நடுவே ஓடும் வாய்க்கால் அது. போன வருஷம் வரை மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்ட வேண்டிய சாக்கடை. இப்போது அடையாளமே தெரியவில்லை. இரண்டு கரையிலும் டைல்ஸ், கலர் விளக்கு, சாய்ந்து உட்கார பெஞ்ச், தண்ணீரைப் பார்த்தபடி காபிக் கடைகள்.

எல்லாம் நல்லதுதான். ஆனால் படகு மிதக்க வேண்டுமே என்று டவுன் முடியும் இடத்தில் ஷட்டரை இறக்கி, வந்த தண்ணீரையெல்லாம் அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டார்கள். அதே வாய்க்காலை நம்பி கீழே பெருமாட்டி கிராமத்துப் பக்கம் நெல்லும் தென்னையும் வைத்திருக்கிறவர்கள் எங்கே போவார்கள்? அதை யோசிக்க இங்கே ஒருத்தருக்கும் நேரமில்லை.

அதைக் கேட்கத்தான் வேன் நிறைய ஆட்களோடு வந்திருந்தார் ஆறுமுகசாமி. வாய்க்காலை ஒட்டி அவருக்குத் தென்னந்தோப்பு. கூட வந்தவர்களில் நாச்சம்மாளும் ஒருத்தி. புருஷனை இழந்தவள். அவர் தோப்புக்கு அடுத்தாற்போல் அவளுக்கு ஒரு துண்டு நெல்வயல். அதோடு வாய்க்கால் முடிந்துவிடும்.

முனிசிபாலிட்டி இன்ஜினியர் ஜிஸ்மி ஓடி வந்தாள். மலையாளத்துப் பெண்.

"சேட்டா, சத்தம் போடாதீங்க. வெளியூர்க்காரங்க எல்லாம் இருக்காங்க."

"இருக்கட்டும். அவங்களும் கேக்கட்டும்."

"இந்த வாய்க்காலைச் சரி பண்ணின பிறகுதான் டவுன்ல பத்துப் பேருக்கு வியாபாரம் நடக்குது. அதையும் பார்க்கணும்ல?"

"பாருங்க, வேண்டாங்கல. எங்க தண்ணிய மறிச்சு வெச்சுட்டுத்தான் பாப்பீங்களா?"

"நாங்க எங்கே தண்ணியை நிறுத்தினோம் சேட்டா? கொஞ்சம் பொறுங்க. இங்கே நிறைஞ்சா தன்னால வழிஞ்சு கீழே வரும்."

அந்த வார்த்தைதான் ஆறுமுகசாமிக்குப் பொறுக்கவில்லை.

"வழிஞ்சு வருமா? நீங்க அனுபவிச்சு மிச்சம் வெக்கறத வாங்கிக்க நாங்க என்ன பிச்சைக்காரங்களா அம்மிணி? வாய்க்காத் தண்ணி மேல இருக்கறவனுக்கு எவ்வளவு சொந்தமோ, கீழ இருக்கறவனுக்கும் அவ்வளவு சொந்தம். மேல இருக்கறோம்கற திமிர்ல மறிச்சு வெச்சா அதுக்குப் பேரு திருட்டு."

கூட்டம் கைதட்டியது. காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் தட்டினார்கள். நியாயத்தை இப்படி நறுக்கென்று சொன்னால் யாருக்குத்தான் தட்டத் தோன்றாது?

"நாச்சம்மா, அதக் கொண்டா இங்க."

நாச்சம்மாள் பைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவள் வயலில் பிடுங்கிய ஒரு பிடி நெற்பயிர். பச்சை என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை.

ஆறுமுகசாமி அதை ஜிஸ்மியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாருங்க. கதிர் வர்ற நேரம். இந்த வாரம் தண்ணி பாயலீன்னா மாட்டுக்குத்தான் அறுத்துப் போடோணும். இந்தப் பொம்பள வயித்துல அடிச்சுட்டு உங்களுக்குப் படகு ஒரு கேடா?"

ஜிஸ்மியின் முகம் வாடிவிட்டது. நாச்சம்மாளிடம் திரும்பினாள்.

"உங்க வயலா சேச்சி?"

"ஆமாங்க."

"எப்ப இருந்து தண்ணி வரலை?"

"அதுங்க..." என்று நாச்சம்மாள் தயங்கினாள்.

"அவளுக்குப் பேசத் தெரியாது. என்னைக் கேளுங்க" என்று குறுக்கே வந்தார் ஆறுமுகசாமி. "ஷட்டரத் தூக்கறீங்களா, இல்ல நாங்க எல்லாரும் இந்த டைல்ஸ் மேலயே படுக்கட்டுமா?"

பத்துப் பதினைந்து செல்போன்கள் படம் பிடித்துக்கொண்டிருந்தன. ஜிஸ்மி ஒதுங்கிப் போய் சேர்மனிடம் போனில் பேசினாள். ரொம்ப நேரம் பேசினாள். திரும்பி வந்து ஆளை விட்டு ஷட்டரைத் தூக்கச் சொன்னாள்.

தண்ணீர் திமிறிக்கொண்டு கீழே பாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் அன்னப்பறவைகள் சேற்றில் சாய்ந்து உட்கார்ந்தன. ஆறுமுகசாமியைத் தோளில் தூக்கிக்கொண்டு வேன் வரைக்கும் போனார்கள்.

திரும்பும் வழியில் நாச்சம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீங்க இல்லீன்னா இது நடந்தே இருக்காதுங்ணா."

"அட விடு அம்மிணி. கீழ இருக்கறவன் வயித்தெரிச்சல் அவனுகளுக்கு எங்க தெரியுது? நாமதான் கேக்கோணும்."

மறுநாள் காலைப் பேப்பரில் அவர் படம். கையில் நாச்சம்மாளின் பயிர்.

அவர் தோப்புக்குத் தண்ணீர் வந்து சேர்ந்திருந்தது. ஒவ்வொரு தென்னையின் அடியிலும் தளும்பியது. ஆறுமுகசாமி மண்வெட்டியோடு நின்று ஆசை தீரப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வரப்பில் நாச்சம்மாள் வந்து நின்றாள்.

"அண்ணா, தண்ணி வந்துருச்சுங்களே."

"வராம எங்க போவும்? பேப்பர் பாத்தியா?"

"பாத்தனுங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "தோப்புக் கடைசில வாய்க்காலுக்குக் குறுக்க நீங்க அடுக்கி வெச்ச மண்ணு மூட்டைய இப்பவாவது எடுத்து உட்டீங்கன்னா, என்ற வயலுக்கும் பாஞ்சுருமுங்க. பயிரு தாங்காதுங்ணா."

போன கோடையில் போட்ட மூட்டைகள் அவை. மேலே புல்கூட முளைத்துவிட்டது.

ஆறுமுகசாமி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"நான் எங்க அம்மிணி தண்ணிய நிறுத்தினேன்? கொஞ்சம் பொறு. இங்க நிறைஞ்சா தன்னால வழிஞ்சு கீழ வரும்."